ஜெகதீஷ் சந்திர போஸ்

ஜெகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் அறிஞரும் ஆவார். தாவர ஆய்வுகளால் பரவலாக அறியப்படும் இவர், மில்லிமீட்டர் அலைநீள மின்காந்த அலைகளை ஆராய்ந்த முன்னோடியுமாவார். 1898 இல் இவர் செய்த சணல் ஆய்வு, இன்றைய மீப்பொருள் (மெட்டாமெட்டீரியல்) ஆய்வுகளின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கல்வியும் பணியும்

போஸ் முதலில் வங்காள மொழிவழிப் பள்ளியில் பயின்றார். பின்னர் கல்கத்தா தூய சேவியர் கல்லூரியிலும், கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் கற்றார். கேம்பிரிட்ஜில் ராலே பிரபு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1885 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியரைவிட இந்தியருக்குக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டதை எதிர்த்து, மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலே கற்பித்தார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

நுண்ணலை ஆய்வுகள்

ஹெர்ட்ஸ் தம் ஆய்வுகளில் பயன்படுத்திய அலைகள் அரை மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையவை. அவற்றை ஒளியைப் போல் குவிக்கவும் திருப்பவும் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உருவாக்கி, மேசைமீது வைக்கத்தக்க சிறு கருவிகளால் ஆராய்ந்தார். அலைகளைத் திரட்டிக் கண்டுணர்கருவிக்குள் செலுத்த உலோகப் புனல் ஒன்றை அமைத்தார். இதுவே பின்னாளில் கொம்பு அலைவாங்கி (ஆன்டெனா) எனப்பட்டது. 1897 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கிக் காட்டினார்.

முறுக்கிய சணல்

சர்க்கரைக் கரைசல் ஒளி அதிரும் தளத்தைச் சுழற்றும் இயல்புடையது. மூலக்கூறுகளின் வடிவமே இதற்குக் காரணம் என்பதைப் பெரிய அளவில் காட்ட போஸ் விரும்பினார். சணல் நாரை முறுக்கிய கற்றைகளை மூலக்கூறுகளுக்கு ஈடாக வைத்து, அவற்றின் ஊடே நுண்ணலைகளைச் செலுத்தினார். வலப்புறம் முறுக்கியவை அதிர்வுத் தளத்தை ஒரு திசையிலும், இடப்புறம் முறுக்கியவை எதிர்த் திசையிலும் சுழற்றின. இரு வகையிலும் பொருள் ஒன்றே; முறுக்கு மட்டுமே வேறு. பொருளின் வேதி இயல்பைவிட அதன் அமைப்பே அலையின் போக்கைத் தீர்மானிக்கலாம் என்னும் இக்கருத்தே மீப்பொருட்களின் அடிப்படையாகும்.

காப்புரிமை

போஸ் தம் கண்டுபிடிப்புகளால் பொருளீட்ட விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால், கலீனா படிகத்தாலான கண்டுணர்கருவிக்கு 1901 இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904 இல் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவிக்கு வழங்கப்பட்ட தொடக்ககாலக் காப்புரிமைகளுள் இதுவும் ஒன்று.

பிற்காலம்

1900க்குப் பின் போஸின் கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. 1917 இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1937 இல் கிரிடியில் காலமானார்.

தாக்கம்

நீண்ட தொலைவுச் செய்தித் தொடர்புக்கு அக்காலத்தில் நெடிய அலைகளே பயன்பட்டதால், போஸின் குறுகிய அலைகள் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் வளர்ந்தபோது நுண்ணலைகளும் கொம்பு அலைவாங்கிகளும் மீண்டும் முக்கியத்துவம் பெற்றன. 1990களின் இறுதியிலிருந்து மீப்பொருள் ஆய்வு வளரவே, இவருடைய சணல் ஆய்வு அத்துறையின் வரலாற்றில் இடம்பெற்றது.