கண்ணுக்குள்ளே கரண்ட்!



செடிக்கும் உணர்ச்சி உண்டுன்னு சொன்ன விஞ்ஞானி யாருன்னு கேட்டா, ஜெகதீச சந்திர போஸ்னு எல்லாரும் டக்குனு கை தூக்குவோம். அவர் கண்ணைப் பற்றியும் ஆராய்ந்தார். அதைத்தான் நான் எழுதப் போகிறேன்.

போஸ் 30.11.1858-ல், இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தார். அப்பா பெரிய அதிகாரி. ஆனாலும் மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இந்தியர் என்பதால் சம்பளம் குறைவு. போஸ் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது.

தவளையின் கண்ணில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் மாறுவதை, சுவீடன் நாட்டு ஹோம்கிரென் 1865-லேயே கண்டிருந்தார். உயிருள்ள கண்ணுக்கு மட்டும்தானா இந்தக் குணம் என்று போஸ் யோசித்தார். வெள்ளிக் கம்பியின் நுனியைத் தட்டிக் கிண்ணம் போலாக்கி, உள்ளே புரோமின் ஆவி படியவைத்து, செயற்கை விழித்திரை செய்தார். வெளிச்சம் பட்டதும் அதிலும் மின்சாரம்! நம்ம ஊர் சிக்ரியில் ஆராய்கிற மின்வேதியியல்தான் இதுவும். 1902-ல் இதைப் புத்தகமாக எழுதினார். பல அறிஞர்கள் அவர் கருத்தை ஏற்கவில்லை. போஸ் அசரவில்லை. 1917-ல் சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 23.11.1937-ல் காலமானார்.

இன்றைய இ.ஆர்.ஜி. சோதனை போஸ் கண்டுபிடித்தது இல்லை. ஹோம்கிரென் வழியில் பலர் வளர்த்தது. ஆனால் அவர் ஆராய்ந்த அதே மின்சாரத்தைத்தான் அது அளக்கிறது.

எங்க பெரியப்பா மகன் இருட்டில் தட்டுத் தடுமாறுவான். கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை. கடைக்குப் போகச் சொன்னா டிமிக்கி கொடுக்கிறான்னு வீட்டில் ஏச்சு. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவனை இருட்டில் உட்காரவைத்து, பளிச்சென்று வெளிச்சம் காட்டி, கண்ணில் வரும் மின்சாரத்தைப் பதிவு செய்தார்கள். மைக்ரோவோல்ட் கணக்கில் வர வேண்டிய அலை ரொம்பச் சின்னதாக இருந்தது. இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் பழுதாம்.

விழித்திரை நல்லா இருந்து பார்வை நரம்பு பழுதானால் அதற்கும் சோதனை உண்டு. மாறி மாறி வரும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லி, பின்தலையில் மின்சாரத்தை அளப்பார்கள். சுமார் 100 மில்லி செகண்டில் வர வேண்டிய அலை தாமதமானால், நரம்பில் கோளாறு இருக்கலாம்.

அண்ணனுக்கு நோய் இன்னும் குணமாகல. ஆனா இப்ப அவனை யாரும் ஏசுறதில்லை. கையில் டார்ச் லைட் கொடுத்து அனுப்புறாங்க. நம்ம வகுப்பிலும் யாராவது இருட்டில் தடுமாறினால் கேலி செய்யாதீங்க. கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, காரைக்குடி