ஆய்வறையும் சேரியும்: அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை

ஊர்தோறும் நாம் நிறுவியிருக்கும் அண்ணல் அம்பேத்கரின் சிலைகளில் அவர் கையில் ஒரு நூல் இருக்கும். அது இந்திய அரசியலமைப்புச் சட்டம் என்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அச்சட்டத்தை வரையும் பணிக்கு அவர் அழைக்கப்பட்டது 1947இல். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பிருந்தே அவர் கையை விட்டு அகலாத சுவடி வேறொன்று உண்டு. அது கணக்குச் சுவடி. நம் பிள்ளைகள் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள், நிலம் எவரிடம் இருக்கிறது, எந்தக் குளத்தில் நீர் எடுக்க நம்மவருக்குத் தடை இருக்கிறது என்பனவே அதில் நிறைந்திருந்த செய்திகள். சட்ட மேதையைப் போற்றுவோர் பலர். ஆய்வாளரைக் கண்டவர் சிலரே. பல்கலைக்கழகத்தின் கல்வியையும் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வையும் ஒரே நூலிழையில் கோத்த அந்த ஆய்வாளரை நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் வாயிலாக இளைஞர்களுக்கு அறிமுகம் செய்வது தகும் என்று கருதுகிறேன்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பீமராவ் பிறந்தார். தந்தை இராம்ஜி, படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், தான் உட்காரும் சாக்குத் துணியைத் தானே வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் தானே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. சேவகர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். பிற்காலத்தில் அவர் கையாண்ட புள்ளிவிவரங்கள் அனைத்துக்கும் அடியில் இந்தக் குழாயடி இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அவருக்குப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை வழங்கினார். 1913ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூயார்க் நகரம் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலிக்மனிடம் பொருளியலும், ஜான் டூயியிடம் மெய்யியலும், கோல்டன்வைசரிடம் மானிடவியலும் கற்றார். கற்றதோடு அமையவில்லை. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கோல்டன்வைசரின் ஆய்வுக் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமண முறையே என்பதும், அம்முறையைக் காப்பதற்காகவே உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை பெண்கள் மேல் சுமத்தப்பட்டன என்பதும் அதன் சாரம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நம்மைப் பற்றி வெள்ளை அதிகாரிகளும் மேல்சாதி அறிஞர்களும் அதுவரை எழுதிக் குவித்திருந்தனர். தீண்டாதவர் எனப்பட்ட குலத்தில் தோன்றிய ஒருவர் உலகப் பல்கலைக்கழகம் ஒன்றில் எழுந்து நின்று, ஆராயப்பட வேண்டியது எங்கள் குறைபாடு அன்று, உங்கள் அமைப்பே என்று பொருள்படக் காட்டியது புதுமையிலும் புதுமை.

அதே 1916ஆம் ஆண்டில் நம் பக்கத்தில் நடந்த ஒன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன் இங்கிலாந்தில் தொழிலாளர் பயிலும் ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அவர் தம் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராய்ந்துவரப் பணித்தார். அக்கிராமங்களுள் ஒன்று நெல்லைக்கு வடக்கேயுள்ள கங்கைகொண்டான். நம் அச்சன்புதூரிலிருந்து தென்காசி, நெல்லை வழியாக ஒரு முற்பகலில் போய்ச் சேரும் ஊர்தான். 1918இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு மதிப்புடையது. 1936–37இல் அதே கிராமங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. அதன் பின்னர் அயல்நாட்டு அறிஞர்களும் வந்து சென்றனர். ஆயினும் கேட்டவர் கல்லூரி மாணவர், விடை சொன்னவர் ஊரார் என்ற அமைப்பு அது. உழுது நட்டவர்கள் எண்ணப்பட்டார்கள். எதை எண்ணுவது என்று அவர்களைக் கேட்டவர் எவருமில்லை. அண்ணல் மாற்றியமைக்க முற்பட்டது இந்த இடத்தைத்தான்.

கொலம்பியாவிலிருந்து இலண்டன் சென்றார். படிப்பு முடியுமுன் உதவித்தொகைக் காலம் தீர்ந்துவிட, 1917இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் உயர்ந்த பதவி. ஆனால் அலுவலகச் சேவகர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தூர நின்று எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார் என்பது நாம் பலமுறை கேட்ட வரலாறு. பலரும் அந்தக் கண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மறு ஆண்டே அவர் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொல்வதில்லை.

1918இல் வெளிவந்த அக்கட்டுரை இந்தியாவின் சிறுநில உடைமையைப் பற்றியது. துண்டு துண்டாகச் சிதறிய நிலங்களை ஒன்றுசேர்த்தால் வேளாண்மை செழிக்கும் என்று அந்நாளைய அறிஞர்கள் பேசிவந்தனர். நிலத்தின் அளவு நோயன்று; போதிய முதல் இன்மையும், வேறு தொழில் இல்லாமையால் தேவைக்கு மேற்பட்ட மக்கள் நிலத்தையே பற்றிக் கிடப்பதுமே நோய்; தொழில் வளர்ச்சியே மருந்து என்று அவர் வாதிட்டார். நிலத்தைப் பற்றி அவர் எழுதிய இக்கட்டுரையில் சாதி என்ற சொல் ஓங்கி ஒலிக்கவில்லை. ஆயினும் வயல் வேலை ஓய்ந்த நாட்களில் சேரி அடுப்பு ஏன் எரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1919 சனவரியில் வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1920இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். மீண்டும் இலண்டன் சென்று பொருளியலில் உயர் பட்டங்களும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923இல் திரும்பினார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வும், மாகாண நிதி பற்றிய ஆய்வும் நூல்களாயின; பின்னதற்கு ஆசிரியர் செலிக்மனே முன்னுரை வழங்கினார்.

இத்தனை பட்டங்களோடு அவர் எங்கே போனார்? 1924ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோர் நலச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். மறு ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது, நூலகம் வந்தது. நம் சங்கம் போன்ற எத்தனையோ கல்விச் சங்கங்களுக்கு அதுவே மூத்த அக்காள். இதனினும் கவனிக்கத்தக்கது, 1928இல் சைமன் குழுவுக்கு அச்சபை தாழ்த்தப்பட்டோரின் கல்வி நிலை பற்றித் தனி அறிக்கை அளித்தது. விடுதி நடத்துகிற சங்கமே ஆராய்ச்சி அறிக்கையும் எழுதியது!

அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச்சுத் திங்களில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய கல்வி மானிய உரையை நம் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். அரசாங்க அறிக்கையே மக்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்திருந்தது. தொடக்கக் கல்வியில் ஆயிரம் பேருக்கு, முன்னேறிய இந்துக்களில் 119 மாணவர், முகமதியரில் 92, இடைநிலை வகுப்பினரில் 38, பின்தங்கியவரில் 18. கல்லூரியை எட்டும்போது கடைசி வகுப்பாரின் எண்ணிக்கை இல்லை என்றே சொல்லும் அளவுக்குத் தேய்ந்தது. அரசாங்கம் கல்விக்கு ஆள் ஒன்றுக்கு 14 அணா செலவிட்டு, மது வரியாக ஆள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குவதையும் எடுத்துக்காட்டினார். ஏழையின் குடியிலிருந்து வாங்கியதையாவது ஏழையின் படிப்புக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் போக்கு. அதே மாதம் 20ஆம் நாள்தான் மகாத் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரோடு இறங்கி நீர் அருந்தினார். அங்கே கணக்கு, இங்கே களம். இரண்டுக்கும் இடையே ஒரு வாரமே.

1928இல் பம்பாய் அரசு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நிலையை ஆராய ஸ்டார்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அண்ணலும் அதில் உறுப்பினர். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி மக்களிடம் நேரில் கேட்டறிந்தார்கள். 1929இல், சமூகப் புறக்கணிப்புக்கு ஆளான கிராமம் ஒன்றைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்கினார். வரவேற்க வந்த மகர் மக்கள் அவரை நெடுநேரம் காத்திருக்க வைத்தார்கள். காரணம் பின்னர்தான் தெரிந்தது. தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் இசையவில்லை. விருந்தினரை நடத்திக் கூட்டிப்போவது மரியாதையன்று என்று நம்மவர் கருதினர். முடிவில் வண்டி வாடகைக்குக் கிடைத்தது, வண்டியோட்டி கிடைக்கவில்லை. அவ்வேலையில் பழக்கமே இல்லாத மகர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தின் கற்களில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்ந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அண்ணல் கல்தரையில் எறியப்பட்டுக் கால் முறிந்தார். இரு கண்டங்களில் பட்டம் பெற்ற பாரிஸ்டருக்கு நேர்ந்தது இது. தீண்டாமையை ஆராயச் சென்றவர், அன்றைய ஆய்வின் முடிவைத் தம் உடம்பிலேயே எழுதிக்கொண்டு பல நாள் படுக்கையில் கிடந்தார். அக்குழுவின் அறிக்கை 1930 மார்ச்சில் வெளிவந்தது. உதவித்தொகை, விடுதி, காவல் துறையில் சேர்ப்பு எனப் பரிந்துரைகள் செய்தது.

வட்டமேசை மாநாட்டில் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனோடு அவர் அமர்ந்ததும், பூனா ஒப்பந்தமும் யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1942 அக்டோபரில், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். மறு ஆண்டு மைய அரசுப் பணிகளில் எட்டேகால் விழுக்காட்டைச் சற்றே தாண்டிய இட ஒதுக்கீடு வந்தது. 1944–45 முதல் கல்லூரி மாணவருக்கு உதவித்தொகை வந்தது. சிலர் அயல்நாடு சென்று படிக்கவும் வழி பிறந்தது. இன்று அச்சன்புதூரிலிருந்து வெளியூர்க் கல்லூரிக்குப் பேருந்து ஏறும் பிள்ளை வாங்கும் உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது.

1946இல் அவர் எழுதிய ஒரு கடிதம் உலக அளவில் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்கு எழுதியது அது. டூ பாய்ஸ், பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிய ஆய்வை 1899இல் வெளியிட்டவர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் தம் இன மக்களைப் பற்றிய ஆய்வுகளை ஆண்டுதோறும் நடத்தியவர். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியை அண்ணல் கேட்டார். சூலை 31ஆம் நாளிட்ட விடையில் டூ பாய்ஸ், அதை அனுப்ப இசைந்து, இந்தியத் தீண்டாதார்பால் தம் பரிவையும் தெரிவித்தார். கடல்களுக்கு அப்பால் இருவர், இருவரும் முனைவர், இருவரும் தம் மக்களின் துயரைக் கணக்கெடுத்துக் கையில் வைத்திருந்தவர்கள்.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில், பின்னர் மிலிந்த் மகாவித்யாலயா எனப்பட்ட கல்லூரியும் எழுந்தன. மராட்வாடா அந்நாளில் மிகவும் பின்தங்கிய பகுதி. பம்பாயை விட்டு அவர் அங்கே கல்லூரி கட்டியதன் பொருத்தத்தைக் காலம் காட்டியது. தலித் இலக்கியத்துக்கு நாற்றங்காலாக அமைந்த 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் பின்னாளில் அந்நகரிலிருந்தே வெளிவந்தது. 1952ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவருக்குச் சட்ட முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் தொடங்கிய முறை அவரோடு மறையவில்லை. 2010ஆம் ஆண்டு குசராத்தில் வெளியான ஓர் ஆய்வு 1,589 கிராமங்களில் நடத்தப்பட்டது. தலித் மக்களின் நவசர்ஜன் அமைப்பும், அமெரிக்காவின் இராபர்ட் கென்னடி மனித உரிமை மையமும், மிச்சிகன் முதலிய பல்கலைக்கழகங்களின் அறிஞர்களும் சேர்ந்து செய்தது. பல்லாண்டு அக்கிராமங்களில் உழைத்த களப்பணியாளர்களின் அனுபவமும், பல்கலைக்கழகத்தாரின் கணக்கியலும் அதில் ஒன்றுகூடின. பத்துக்கு ஒன்பது கிராமங்களில் தலித் மக்கள் கோயிலுக்குள் போக முடியவில்லை என்பது கண்டவற்றுள் ஒன்று. அவ்வினாத்தாளில் இன்னொரு பகுதியும் இருந்தது. தலித் உட்பிரிவுகள் தமக்குள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகின்றன என்று அது கேட்டது. ஓர் உட்பிரிவினர் வீட்டில் மற்றோர் உட்பிரிவினர் கை நனைக்காத ஊர்களும் அக்கணக்கில் பதிவாயின.