தந்தி அலுவலகத்திலிருந்து சோழமண்டலம் வரை: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை

சுங்கை சிப்புட் – எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, பிள்ளை அடுத்து என்ன படிப்பது என்பதுதான். கணக்கியல், தாதிமை, பொறியியல், ஆசிரியர் பயிற்சி என்று பேச்சு போகும். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொல்லிவிட்டால் வீடு சற்று நேரம் அமைதியாகிவிடும். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்பதுதான் அந்த அமைதிக்குப் பொருள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிப் பிள்ளைகளைக் கரையேற்றிய தலைமுறைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு.

அந்தக் கேள்வியைத் தம் இளமையில் ஒரு முறையும், ஆசிரியரான பிறகு தம் மாணவர்களுக்காக இன்னொரு முறையும் எதிர்கொண்டவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னைக்கு அருகே கடற்கரையோரம் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் அவர். தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகும் நம்மவர் பலர் மாமல்லபுரம் போகும் வழியில் அந்தக் கிராமத்தைக் கடந்துதான் போகிறார்கள். அது எப்படி உருவானது என்பது அறியப்பட வேண்டிய கதை.

குடும்பப் பாரம் முதலில்

பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தூரிகை கையில் வந்துவிட்டது. கால்வாய், தோணி, தென்னந்தோப்பு என்று கேரளக் கரையோரக் காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். 17 வயதிலேயே சென்னையில் ஆண்டுதோறும் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

இவ்வளவு திறமை இருந்தும் அவர் நேராக ஓவியப் பள்ளிக்குப் போகவில்லை. தந்தை இறந்ததும் குடும்பப் பாரம் அவர் தோளுக்கு வந்தது. படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு காப்புறுதி முகவராகவும் வேலை செய்தார். தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். பணிக்கருக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் ஆசையைக் கைவிடவில்லை, தள்ளி மட்டும் வைத்தார்.

25 வயதில் மாணவர்

1936இல் அவர் சென்னை எழும்பூர்ப் பகுதியில் இருந்த அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் அது கைத்தொழில் பள்ளியாகவே இருந்தது. உலோக வேலை, மண்பாண்டம், மரவேலை போன்றவைதான் அங்கே முக்கியமாகக் கற்பிக்கப்பட்டன.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். சென்னை மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பழைய தமிழ்ப் படங்களிலாவது நாம் பார்த்திருப்போம். பெரும் பாறையைத் தொழிலாளர்கள் நால்வர் நெம்பித் தள்ளும் அந்தச் சிலையைச் செய்தவர் ராய் சௌத்ரி. அவர் காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அப்பள்ளியில் முதன்மை பெற்றன. மாணவர்கள் எதிரில் ஆளை நிறுத்திப் பார்த்து வரைந்தார்கள். வெளியிடங்களுக்குப் போய் இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார்கள்.

அங்கே பணிக்கர் நான்கு ஆண்டுகள் படித்து 1940இல் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியரானார். பின்னாளில் அதன் தலைவராக உயர்ந்த சிற்பி எஸ். தனபாலும் ராய் சௌத்ரியின் மாணவர்தான்.

1944இல் பணிக்கர் சக ஓவியர்களைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஓர் அறையில் வரைந்துகொண்டிருந்தால் கலை வளராது என்பது அவருடைய எண்ணம். படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும், குறை சொல்ல வேண்டும், அதற்கு ஓவியர் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஓவியத்துக்கென்றே ஓர் இதழ் வெளிவருவதற்கும் அவர் காரணமாக இருந்தார்.

ஐரோப்பாவில் பார்த்தது

1954இல் அவருடைய ஓவியங்கள் லண்டனிலும் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரும் போயிருந்தார். அதுவரை புத்தகத்தில் பார்த்த மேல்நாட்டு ஓவியங்களை அங்கே நேரில் கண்டார்.

அந்தப் பயணம் அவரைக் குழப்பவும் செய்தது, தெளியவும் வைத்தது. உருவங்களையே விட்டுவிட்டு நிறத்தையும் கோட்டையும் மட்டும் வைத்து அங்குள்ளவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். அதை அப்படியே எடுத்து வந்து சென்னையில் வரைந்தால் அது நகல்தான். அவர்கள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டது போல நாமும் நம் மண்ணில் தேட வேண்டும் என்ற முடிவோடு அவர் திரும்பினார்.

1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பள்ளியின் தலைமைப் பொறுப்பு பணிக்கருக்கு வந்தது. பின்னர் அந்தப் பள்ளி கல்லூரியாகவும் உயர்ந்தது. 1967 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் கோயில் சிற்பம், நாட்டுப்புறக் கலை, பொம்மை, கோலம் எல்லாமே பாடம்தான் என்ற எண்ணம் அந்தக் காலத்து மாணவர்களிடம் வேரூன்றியது.

ஒரு கணக்கு நோட்டு

பணிக்கரின் புகழுக்குக் காரணமான ஓவிய வரிசைக்குச் 'சொற்களும் குறியீடுகளும்' என்று பெயர். 1963இல் அதைத் தொடங்கினார். தற்செயலாக ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் அதற்கான வித்து விழுந்தது. எண்கள், குறிகள், வரைபடங்கள் நிறைந்த அந்தப் பக்கத்தைக் கணக்காகப் பார்க்காமல் ஒரு படமாகப் பார்த்தார்.

பிறகு அவருடைய திரையில் மலையாள எழுத்துகளைப் போன்ற கோடுகள் வந்தன. ஜாதகக் கட்டங்கள், மந்திரத் தகடுகளில் காணும் சக்கரங்கள், பறவை, மீன், பாம்பு எல்லாம் இடையிடையே வந்தன. அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது. படிப்பதற்காக அவர் அவற்றை எழுதவுமில்லை. படிக்கத் தெரியாத பாட்டி பேரப்பிள்ளையின் ஜாதகக் கட்டத்தை எவ்வளவு பக்தியோடு பார்க்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த ஓவியங்கள் என்ன செய்கின்றன என்பது புரிந்துவிடும்.

மெழுகும் சாயமும் கொடுத்த வருமானம்

கல்லூரித் தலைவராக இருந்தபோது பணிக்கரை வருத்தியது வேறொன்று. நன்றாக வரையும் மாணவர்கள் படித்து முடித்ததும் காணாமல் போனார்கள். ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அப்போது சென்னையில் மிகக் குறைவு. கிடைத்த வேலைக்குப் போனார்கள். சில ஆண்டுகளில் தூரிகை பிடிப்பதையே விட்டுவிட்டார்கள். படிப்பு நல்ல படிப்பாக இருந்தும் அதற்குப் பின்னே வாழ்க்கை இல்லை.

அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். அவருடைய மாணவர்கள் துணிகளில் பாத்தேக் செய்யத் தொடங்கினார்கள். நமக்கு அந்தத் தொழில்முறை புதிதல்ல. சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகால் கோடு இழுக்க வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, சுடுநீரில் மெழுகை எடுக்க வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை நிறத்துக்கு நிறம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் கசிந்து மெல்லிய நரம்புகள் போலக் கோடுகள் ஓடும். நம் நாட்டில் பினாங்கு ஓவியர் சுவா தியென் தெங் 1950களிலேயே அதே முறையில் ஓவியங்கள் தீட்டிப் புகழ் பெற்றிருந்தார்.

சென்னை மாணவர்களின் பாத்தேக் துணிகள் நன்றாக விற்றன. அதற்காக ஓவியர்கள் தங்களுக்குள் ஒரு கைவினைச் சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள்கூடத் துணியை வாங்கினார்கள்.

சேர்த்த பணத்தில் நிலம்

கையில் வந்த பணத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல்வெளியில் சில ஏக்கர் நிலம் வாங்கினார்கள். ஓவியர்களும் சிற்பிகளுமாக 30க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தார்கள். சோழர் ஆண்ட கரை என்பதால் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். முதலில் குடிசைகள்தான் எழுந்தன. நாளில் ஒரு பகுதி கைவினை வேலைக்கு, மீதி நேரம் சொந்த ஓவியத்துக்கு என்று வாழ்ந்தார்கள்.

இந்த இடத்தில் சுங்கை சிப்புட் மக்களுக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வரும். தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலம் அது. இவ்வூரின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கியது. அங்கே பால்மரம் சீவிய கை, இங்கே மெழுகு பிடித்த கை. தனி ஆளாக எவராலும் வாங்க முடியாத மண்ணைப் பலர் சேர்ந்து வாங்கினார்கள் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

சோழமண்டலத்தில் வாழ்ந்தவர்களில் கே. இராமானுஜம் குறிப்பிடத்தக்கவர். மனநலம் குன்றியவர் என்று பலர் ஒதுக்கிய அந்த மாணவரைப் பணிக்கர் ஒதுக்கவில்லை, வரைய ஊக்கினார். நுண்ணிய மைக்கோடுகளால் கனவு மாளிகைகளை வரைந்த இராமானுஜம் 1973இல் இளம் வயதிலேயே காலமானார். இன்று அவர் படங்கள் பெரிதும் மதிக்கப்படுகின்றன.

பணிக்கர் காலத்தில் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம், திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மகாத்மா காந்தியைப் பல நிலைகளில் கோட்டோவியமாகத் தீட்டியவர். தமிழ் நூல்களின் அட்டையிலும் இதழ்களிலும் அவர் கோடுகளைப் பார்த்த வாசகர்கள் நம்மிடையே உண்டு. நம் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் சைட் தாஜுடினும் அதே சென்னைக் கல்லூரியில் படித்தவர்தான்.

பணிக்கர் 1977 ஜனவரி மாதம், 65 வயதில் சென்னையில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் ஓவியக்கூடம் ஒன்று இருக்கிறது. அவருடைய மகன் எஸ். நந்தகோபால் சிற்பியாகப் பெயர் பெற்று, சோழமண்டலத்தைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கிராமம் நிலைத்து நிற்கிறது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்ற கேள்வியைப் பணிக்கர் ஒருபோதும் அற்பமாக நினைக்கவில்லை. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குப் பசியின் அருமை தெரியும். கலைக்காகப் பட்டினி கிட என்று அவர் மாணவர்களிடம் சொல்லவில்லை. சோற்றுக்கு ஒரு தொழிலையும், தங்க ஒரு நிலத்தையும் அவர்களோடு சேர்ந்து தேடினார். அதன் பிறகுதான் ஓவியம் தழைத்தது.

ஆகவே, ஓவியம் படிக்க விரும்பும் பிள்ளை இருக்கும் வீட்டில் பேச்சு வேண்டாம் என்ற சொல்லோடு முடிந்துவிடக் கூடாது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கலைத்துறைப் படிப்பு உண்டு. ஓவியத்தோடு கூடவே வருமானம் தரும் எந்தக் கைத்தொழிலைக் கற்கப் போகிறாய் என்று பிள்ளையைக் கேட்கலாம். கோலாலம்பூருக்குப் போகும்போது தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு முறை அழைத்துப் போகலாம். பிள்ளை எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்தாலே பெற்றோருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.