பொழுது சாயுமுன் உண்ட பெருந்தகை

காந்தியடிகளின் வாழ்க்கையைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். தண்டி யாத்திரையும் சபர்மதி ஆசிரமமும் அவர்கள் அறிந்தவையே. ஆனால், பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்னும் விரதத்தை அப்பெருந்தகை எவ்வாறு மேற்கொண்டார், அதற்கு முன் எத்தனை முறை தடுமாறினார் என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை. இரவு பத்து மணிக்குமேல் நொறுக்குத்தீனி டப்பாவைத் திறக்கும் பழக்கம் நம் இல்லங்களிலும் மெல்ல நுழைந்துவிட்ட இந்நாளில், அவ்வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

அன்னையின் நோன்பு

காந்தியடிகள் 1869 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2 ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த், அன்னையார் புத்லிபாய். குடும்பம் வைணவ நெறியைச் சார்ந்தது. ஆயினும் சமண முனிவர்கள் கரம்சந்தைக் காண அடிக்கடி வருவார்கள். அவ்வில்லத்தில் உணவும் ஏற்பார்கள்.

புத்லிபாய் நோன்புகளில் உறுதி மிக்கவர். ஒரு சாதுர்மாசத்தில், கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என்று விரதம் பூண்டார். மழைக்காலமாதலால் வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். பிள்ளைகள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். முகிலிடையே கதிரவன் தலைகாட்டியதும் ஓடிச்சென்று அன்னையை அழைப்பார்கள். அவர் விரைந்து வெளியே வருவதற்குள் கதிரவன் மறைந்துவிடுவான். அன்னையோ சற்றும் முகம் வாடாமல், இன்று நான் உண்பது இறைவனுக்குத் திருவுளமில்லை என்று கூறி, வீட்டு வேலைகளுக்குத் திரும்புவார். உணவுக்கும் பகலொளிக்கும் உள்ள தொடர்பு அச்சிறுவனின் உள்ளத்தில் முதன்முதலாகப் பதிந்தது இவ்வாறே.

தடுமாற்றம்

அத்தகைய அன்னையின் மகனும் தவறினான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரே தம் வரலாற்றில் அதை மறைக்கவில்லை. பள்ளிப் பருவத்தில் ஒரு நண்பனின் சொற்கேட்டு, வீட்டார் அறியாமல் ஊன் உண்டார். முதல் நாள் இரவு, உயிருள்ள ஆடு ஒன்று தம் வயிற்றுக்குள் இருந்து கத்துவதுபோல் தோன்றித் துணுக்குற்று எழுந்தார். ஆயினும் ஓராண்டளவில் ஏறத்தாழ ஆறு முறை அத்தகைய விருந்துகள் நடந்தன. அந்நாள்களில் வீட்டில் உணவு கொள்ள இயலாது. அன்னை காரணம் கேட்கும்போதெல்லாம் பசியில்லை, செரிக்கவில்லை என்று பொய் கூற நேர்ந்தது. அப்பொய்யே அவரைப் பெரிதும் வருத்தியது. பெற்றோர் வாழும் நாள்வரை இனி ஊன் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். உண்டதை ஒளிக்க நேரும்போது உணவு பாரமாகிவிடும் என்பதை இளமையிலேயே உணர்ந்தார்.

இலண்டனில் கற்ற பாடம்

1888 ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பினார். அன்னை அஞ்சினார். அப்போது பேசர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையில், மதுவையும் மாதரையும் ஊனையும் தீண்டுவதில்லை என்று உறுதி கூறியபின்னரே விடை கிடைத்தது.

இலண்டனில் அவ்வுறுதி கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. காலையில் ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிரப்பும். மற்ற வேளைகளில் வேகவைத்த கீரையும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுமே கிடைக்கும். இன்னும் வேண்டும் என்று கேட்க நாணம் தடுத்தது. பல நாள் பசியுடனேயே படுத்தார். பின்னர் ஒருநாள், தெருத்தெருவாக நடந்து தேடியதில், ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான்.

பிறகு உணவுச் சோதனைகளில் இறங்கினார். ஊரிலிருந்து வந்த இனிப்புகளையும் மசாலைப் பொருள்களையும் நிறுத்தினார். முன்பு சப்பென்றிருந்த வெறுங்கீரை இப்போது சுவையாக இருந்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்று கண்டுகொண்டார். இரவில் நம்மை அடுக்களைக்கு அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் வயிறன்று, மனமே என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சிறை தந்த விதி

1893 இல் தென்னாப்பிரிக்கா சென்றார். 1908 ஆம் ஆண்டு சனவரியில் அங்கே முதன்முறையாகச் சிறை புகுந்தார். கைதிகள் கதிரவன் மறையுமுன் கடைசி உணவை முடித்துவிட வேண்டும் என்பது சிறை விதி. தேநீரும் காப்பியும் கிடையா. நாவின் இன்பத்திற்கென்று எதுவும் தரப்படுவதில்லை. பிறர் இதைத் தண்டனையாகக் கண்டனர். அடிகளோ, தன்னடக்கம் விரும்புவோர் தாமே ஏற்கத்தக்க விதி இது என்று கருதினார். வெளியார் சுமத்தும் கட்டுப்பாடு அரிதாகவே நிலைக்கும். தானே விரும்பி ஏற்பது நன்மை பயக்கும் என்பது அவர் தெளிவு. விடுதலையானதும், இயன்றவரை தேநீரை விட்டார். அந்திக்கு முன் உண்டு முடிக்கவும் தொடங்கினார்.

1910 இல் நண்பர் காலன்பாக் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில் தால்ஸ்தாய் பண்ணை எழுந்தது. தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் வறுத்த கோதுமையில் செய்த காப்பியும்; பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும்; மாலை ஐந்தரை மணிக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும் அல்லது ரொட்டியும் அக்காப்பியும். ஏழு அல்லது ஏழரை மணிக்கு வழிபாடு. ஒன்பது மணிக்கு அனைவரும் உறங்கச் சென்றனர்.

இரமலான் திங்களில் இசுலாமிய இளைஞர் நோன்பிருந்தனர். மற்றவர்களும் அவர்களோடு நோன்பு காத்தனர். மற்றவர்கள் அந்திக்கு முன் தம் உணவை முடித்துக்கொண்டு, அந்திக்குப்பின் உண்ணும் இசுலாமிய நண்பர்களுக்குச் சிறப்பு உணவு சமைத்து விருந்தோம்பினர். தம் நெறியில் நின்றவாறே பிறர் நெறியைப் போற்றும் பண்பு அங்கே விளங்கியது.

விருப்பமும் விரதமும்

1915 ஆம் ஆண்டு சனவரியில் அடிகள் தாயகம் திரும்பினார். இரங்கூனில் வாழ்ந்த நண்பர் டாக்டர் பிராணஜீவன் மேத்தாவைக் காணச் செல்லும் வழியில், கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் இல்லத்தில் தங்கினார். அக்காலத்தில் கனிகளும் கொட்டைப் பருப்புகளுமே அடிகளின் உணவு. ஆகவே கல்கத்தாவில் கிடைத்த கனிகளும் பருப்புகளும் எல்லாம் வரவழைக்கப்பட்டன. அவ்வீட்டுப் பெண்டிர் இரவெல்லாம் கண்விழித்துப் பருப்புகளின் தோலை உரித்தனர். எளிய உணவு என்று தாம் எண்ணியது ஒரு குடும்பத்தின் உறக்கத்தையே பறித்தது கண்டு அடிகள் கூசினார். ஆயினும் அதிலிருந்து மீளும் வழி அப்போது தெரியவில்லை.

இரங்கூனிலோ வேறொரு சங்கடம். டாக்டர் மேத்தாவின் இல்லம் அவருக்குத் தம் இல்லம் போன்றது. ஆனால் உணவுக்குக் குறித்த நேரமில்லை. பண்டங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. கண்ணும் நாவும் இன்னும் வேண்டும் என்றே கேட்டன. அந்திக்கு முன் உண்பதையே அடிகள் விரும்பினார். இருந்தும் பெரும்பாலும் இரவு எட்டு ஒன்பது மணிக்குமுன் உணவு கிடைக்கவில்லை.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சிறையிலிருந்து வந்தபின் தாமே ஏற்றுக்கொண்ட பழக்கம், அன்பு மிகுந்த வீட்டில் ஏன் தளர்ந்தது? அது விருப்பமாக இருந்தது. விரதமாக இன்னும் ஆகவில்லை. விருப்பம் சூழலுக்கேற்ப வளைந்து கொடுக்கும். களைத்த வேளையிலும், பிறர் வற்புறுத்தும் வேளையிலும் அது நில்லாது.

அவ்வாண்டு அரித்துவாரில் கும்பமேளா நடைபெற்றது. ஏப்ரல் திங்களில் அடிகள் அங்கே சென்றார். பக்தியின் பெயரால் நடந்த போலித்தனங்கள் அவரை வருத்தின. அவற்றுக்குக் கழுவாயாகவும் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ளவும் எதையேனும் துறக்க எண்ணினார். கல்கத்தாவும் இரங்கூனும் நினைவில் நின்றன. இந்தியாவில் இருக்கும்போது இருபத்துநான்கு மணி நேரத்தில் ஐந்து பொருள்களுக்குமேல் உண்பதில்லை. இருட்டியபின் உண்பதேயில்லை என்று விரதம் பூண்டார். நோயுற்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ணினார். மருந்தும் ஐந்தில் ஒன்றாகவே கணக்கிடப்படும். எக்காரணத்தாலும் விலக்கில்லை என்று உறுதி செய்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும், இவ்விரதங்கள் தம்மைக் கடுமையாகச் சோதித்தன எனினும் கேடயமாகவும் காத்தன என்று அவர் எழுதினார்.

விரதம் காவாத இடம்

எனினும் விரதம் பூண்டவர் எல்லாவற்றையும் வென்றுவிட்டார் என்று கருதலாகாது. 1918 இல் படைக்கு ஆள் திரட்டும் பணியில் கேடா மாவட்டத்தில் அலைந்தபோது அவர் உடல்நலம் குன்றியது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபாய் எண்ணெயில் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பச்சைப்பயறும் அளித்தார். நண்பகலில் எதுவும் உண்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தும், நாவுக்கு இணங்கி வயிறார உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு, இறப்பின் வாயில்வரை சென்று மீண்டார். உண்டது பகலில்தான்; பண்டங்களும் ஐந்துக்கு மேற்படவில்லை. ஆயினும் அளவு மீறியது. நேரத்தைக் காத்தவர் அளவையும் காக்க வேண்டும் என்னும் பாடத்தை அந்நோய் கற்பித்தது.

1942 இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது உடல்நலம் பற்றிய சிறுநூலை எழுதத் தொடங்கினார். நாளொன்றுக்கு மூன்று வேளைக்குமேல் உண்ண வேண்டியதில்லை. நகரத்தார் இடையிடையே எதையேனும் கொறித்துக்கொண்டிருப்பது தீங்கு. செரிமான உறுப்புகளுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அதில் அவர் கூறும் கருத்து.

இறுதி உணவு

1948 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள், தில்லி பிர்லா மாளிகை. மாலை நாலரை மணியளவில், சர்தார் படேலுடன் உரையாடிக்கொண்டே ஆட்டுப்பால், வெந்த காய்கறி, பச்சைக் காய்கறி, ஆரஞ்சு முதலியவற்றை உண்டார். ஐந்து மணி கடந்தபின் வழிபாட்டுக்கு நடந்தார். அங்கே குண்டுகள் பாய்ந்தன. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் அரித்துவாரில் பூண்ட விரதத்திற்கேற்ப, அவர்தம் இறுதி உணவும் பொழுது சாயுமுன் முடிந்திருந்தது.

நமக்கு

இராவுண்ணாமை நம் முன்னோர் போற்றிய அறம். சிற்றுயிர்களுக்கு இரங்கி அவர்கள் காத்த நெறி, உடலுக்கும் நலம் தருவதாகும். உண்டவுடன் படுத்தால் இரைப்பை அமிலம் மேலெழும் என்றும், உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடிக்க வேண்டும் என்றும் மருத்துவர் இன்று அறிவுறுத்துகின்றனர். சர்க்கரை நோய்க்கு மருந்தோ ஊசியோ கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவு நேரத்தை மாற்ற வேண்டும்.

பணி முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு இது எளிதன்று. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலேயே உண்ணத்தக்க உணவைக் காலையில் கட்டிக்கொடுக்கலாம். அதைக் கட்டும் வேலையில் பிள்ளைகளும் கைகொடுக்கலாம். இரவு நேரத்தில் தமக்கென ஒருவரைச் சமைக்கச் சொல்வோர், கல்கத்தாவில் கண்விழித்துப் பருப்புத் தோலை உரித்த அப்பெண்டிரை ஒருகணம் நினைப்பாராக. இரவில் பசி அழைக்கும்போது முடிவெடுப்பது கடினம். ஆதலால் பகலொளியில், மனம் தெளிந்திருக்கும் வேளையில், முடிவை எடுத்துவிட வேண்டும். திங்களுக்கு ஒரு நாளேனும் தொடங்குவோம். தொடங்கிய நாளில் விலக்குத் தேடாதிருப்போம்.