குலப்பெருமைகளைக் காத்தவர்: சர் பெர்னார்டு பர்க்

சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன், நம் கல்லூரி நூலகத்தின் மேல்தட்டுகளைத் தூசு தட்டி அடுக்குவதற்கு நாங்கள் சில மாணவர்கள் உதவிக்குச் சென்றிருந்தோம். அப்போது செல்லரித்த தடித்த நூலொன்று என் கையில் அகப்பட்டது. பிரிட்டிஷ் பிரபுக்களின் குடிவழியைத் தொகுத்துரைக்கும் ‘பர்க்கின் பியரேஜ்’ அது. பக்கத்துக்குப் பக்கம் சிங்கமும் கழுகும் கேடயமுமாகச் சித்திரங்கள். யாருக்கு யார் மகன், எவருக்கு எவர் மருமகன் என்னும் முடிவில்லாத வரிசை. இதற்காக ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டாரா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்த பின்னர் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஜான் பெர்னார்டு பர்க் 1814ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். குடும்பம் அயர்லாந்தைச் சேர்ந்தது. பிரான்சில் கான் நகரத்துக் கல்லூரியில் பயின்று, 1839இல் வழக்கறிஞரானார். ஆனால் வீட்டிலேயே வேறொரு தொழில் காத்திருந்தது. பியரேஜ் நூலை 1826இல் முதன்முதலில் வெளியிட்டவர் அவருடைய தந்தை ஜான் பர்க். தந்தையும் மைந்தனும் சேர்ந்து உழைத்தனர். 1847 முதல் அந்நூல் ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. மறு ஆண்டே தந்தை காலமாக, முழுப் பாரமும் மகன் தோளில் விழுந்தது. இதற்கிடையே பழங்குடும்பச் செய்திகளைத் தாங்கி வந்த ‘பட்ரீஷியன்’ என்னும் இதழிலும் அவர் ஆசிரியப் பணி புரிந்தார். எதையும் சுவைபடச் சொல்லும் பத்திரிகைக்காரரின் கை அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவருக்குப் புகழைத் தந்ததும் அதுதான், பழியைத் தந்ததும் அதுதான்.

குலச்சின்னக் கலை என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இடைக்கால ஐரோப்பாவில் தலை முதல் கால் வரை இரும்பு அணிந்து போர்க்களம் புகுந்த வீரனை முகம் பார்த்து அறிய இயலாது. எனவே கேடயத்தில் ஒரு சின்னத்தைத் தீட்டிக்கொண்டான். அது மகனுக்கும் பேரனுக்கும் சென்று குடும்பச் சொத்தாயிற்று. ஒருவர் சின்னத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் வழக்கு வரும் அல்லவா? ஆகவே சின்னங்களைப் பதியவும், குடிவழியைச் சரிபார்க்கவும் அரசு அதிகாரிகள் ஏற்பட்டனர். அயர்லாந்தில் அப்பதவிக்கு ‘அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்று பெயர். சர் வில்லியம் பீத்தம் என்பவருக்குப் பின், 1853இல் பர்க் அப்பதவியை ஏற்றார். மறு ஆண்டே ‘சர்’ பட்டமும் கிடைத்தது. 1855இல் அயர்லாந்தின் அரசு ஆவணங்களுக்குக் காப்பாளருமானார்.

அவருடைய நூல்களில் என்னைக் கவர்ந்தது பியரேஜ் அன்று. 1859 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த, குடும்பங்களின் ஏற்றத் தாழ்வுகளைக் கூறும் நூல்தான். வாழ்ந்து கெட்டவர்களின் கதை அது. ஆட்சிபுரிந்த குரோம்வெல்லின் வழிவந்த ஒருவர் லண்டனில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார் என்பது போன்ற செய்திகள் அதில் மலிந்து கிடக்கின்றன. டெர்பிஷயர் பகுதியில் ஃபிண்டர்ன் என்று ஓர் ஊர். அவ்வூர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட குடும்பத்தின் சுவடு தேடி 1850இல் பர்க் அங்கே சென்றார். மாளிகை நின்ற இடத்தில் கல்லின்மேல் கல் இல்லை. அக்குடும்பத்தார் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆனால் ஒரு முதியவர் அவரை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று, ஃபிண்டர்ன் மலர்கள் என்று சில பூக்களைக் காட்டினார். சிலுவைப் போருக்குச் சென்ற அக்குடும்பத்து முன்னோர் ஒருவர் புனித பூமியிலிருந்து கொண்டுவந்தவையாம் அவை. குலம் அழிந்தது, மலர்ச்செடி மட்டும் ஆண்டுதோறும் பூத்துக்கொண்டிருந்தது.

கதை உள்ளத்தைத் தொடுகிறது. ஆனால் உண்மையா? வரலாறு பயிலும் மாணவன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. என் கட்டுரையொன்று, சான்று எங்கே என்று சிவப்பு மையில் எழுதப்பட்டு என்னிடமே திரும்பி வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

பர்க்கிடமும் இதே கேள்வியைத்தான் அவர் காலத்து அறிஞர்கள் கேட்டனர். 1865இல் ஸ்காட்லாந்தின் சின்னவியல் அதிகாரி ஜார்ஜ் பர்னெட், தம் பெயரை மறைத்து வெளியிட்ட நூலொன்றில், கற்பனைக் குடிவழிகளைக் கடுமையாகத் தாக்கினார். 1877இல் வரலாற்றறிஞர் ஃப்ரீமன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066ஆம் ஆண்டுக்கும் முற்பட்ட முன்னோர்களைச் சில குடும்பங்கள் உரிமை கொண்டாடியதையும், அவற்றைப் பர்க் அப்படியே அச்சிட்டதையும் எடுத்துக் காட்டினார். சாதாரண எழுத்தாளர் ஒருவர் இப்படி எழுதினால் போகட்டும் என்று விடலாம். சரிபார்ப்பதற்கென்றே அரசு நியமித்த அதிகாரி எழுதலாமா என்பது அவர் வாதம். இதில் நியாயம் ஃப்ரீமன் பக்கமே என்பது என் எண்ணம். நூலை வாங்குவோரும் அதில் இடம்பெறுவோரும் ஒரே கூட்டத்தார். அவர்கள் மனம் கோணாமல் எழுத வேண்டிய சங்கடம் பர்க்குக்கு இருந்திருக்கும். எனினும் சங்கடம் சான்றாகிவிடாது.

ஆயினும் டப்ளினில் அவர் ஆற்றிய பணியைக் கண்ட பின் அவரை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை. டப்ளின் கோட்டையின் பழைய கோபுரத்தில் இருந்த அரசு ஆவணங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1798ஆம் ஆண்டுப் புரட்சி பற்றிய காகிதங்களும் அவற்றுள் அடங்கும். பீத்தம் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் 1800க்கு முற்பட்ட அயர்லாந்து உயில்களின் சுருக்கங்கள் இருந்தன. அவற்றிலிருந்து தந்தை, தாய், மக்கள், மருமக்கள் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்து வம்சாவளிப் படங்களைப் பர்க் வரைந்து வைத்தார். இதில் பிரபுவின் புகழ்ச்சியும் இல்லை, பத்திரிகைக்காரரின் சுவையும் இல்லை. பெயரும் உறவும் மட்டுமே.

அவர் 1892 டிசம்பரில் டப்ளினில் இயற்கை எய்தினார். இறுதி வரை பதவியில் இருந்தார். மகன்களில் ஹென்றி ஃபார்ன்ஹாம், பின்னாளில் இங்கிலாந்தின் தலைமைச் சின்னவியல் அதிகாரியானார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் தீப்பற்றி வெடித்தது. அங்கிருந்த பொது ஆவண அலுவலகத்தில் பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. மூல உயில்களும் எரிந்தன. கோட்டைக் கோபுரத்து ஆவணங்கள் தப்பின. பீத்தத்தின் சுருக்கங்களும் பர்க்கின் படங்களும் தப்பின. தம் முன்னோரைத் தேடுகிறவர்கள், பிரபுக்கள் அல்லாத எளிய குடும்பத்தாரும்கூட, பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் அந்த வம்சாவளித் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள்.

நூலகத்தில் அந்தத் தடித்த நூலை மீண்டும் மேல்தட்டில் வைக்கும்போது, செல்லரித்த முதுகுப்புறத்துக்கு ஒரு பழுப்புத்தாள் உறை போட்டேன்.