நிழலுக்கு உயிரளித்த இசை

மாசித் திங்களில் நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே காமன் கூத்து நிகழும் இரவுகளில், தப்பின் அடி மாறியதும் ஆடுவோர் காலும் மாறுவதைக் கண்டிருக்கிறோம். ஆட்டமும் இசையும் அங்கு தனித்தனியே பிறப்பன அல்ல. இவ்வுண்மையைப் பேசாப்படக் காலத்தில் ஜேர்மனியிலே நிழலுருவப் படத்தால் நாட்டிய பெருமை லொற்றே றைனிகர் அம்மையாருக்கு உரியது.

1899 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் நாள் பேர்லினிற் பிறந்த அம்மையார், இளமையிலேயே கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி நிழலாட்டம் நடத்தி மகிழ்ந்தவர். 1923 முதல் 1926 வரை பொற்ஸ்டாம் நகரிலே, கணவர் கார்ல் கொக் முதலிய ஒரு சிலரின் துணைகொண்டு, இளவரசன் அகமதுவின் வீரச்செயல்களைக் கூறும் முழுநீளப் படத்தை ஆக்கினார். கறுத்த அட்டையாலும் மெல்லிய ஈயத் தகட்டாலும் அமைத்த உருவங்களின் மூட்டுக்களைக் கம்பியாற் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமீது கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்தார்.

நிழலுக்குக் கண்ணுமில்லை, இதழுமில்லை. அதன் துயரையும் சினத்தையும் உடலசைவும் இசையுமே உணர்த்தவேண்டும். அக்காலப் பெரிய அரங்குகளில் வாத்தியக் குழுவினர் திரைமுன் அமர்ந்து நேரிலே வாசித்தனர். அவர்கள் சற்றே பிந்தினும் வீரன் வெறும் அட்டையாகிவிடுவான். ஆதலின் இசையமைப்பாளர் வொல்வ்காங் செல்லர், அம்மையாரோடு உடனிருந்து படத்துக்கு இயைய இசையை யாத்தார். குழுவினர் கதையின் போக்கைத் தவறாது தொடரும்பொருட்டு, காட்சிகளின் சிறு நிழலுருவங்களையும் அம்மையார் ஆக்கியளித்தார். 1926 மே 2 ஆம் நாள் பேர்லின் மக்கள் அரங்கிலே படமும் இசையும் ஒருங்கே அரங்கேறின.

நாசியர் ஆட்சியை வெறுத்து நாடு நீங்கிய தம்பதியர், நிலையான புகலிடமின்றிப் பல நாடுகளில் அலைந்து, 1949 இல் இலண்டனிற் குடியேறினர். படத்தின் மூலச்சுருள் அழிந்தொழிந்தது. அம்மையார் 1981 யூன் 19 ஆம் நாள் மறைந்தார். எஞ்சிய பழம்பிரதியைக் கொண்டு ஜேர்மானியரும் ஆங்கிலேயரும் 1998, 1999 ஆம் ஆண்டுகளில் படத்தை அதன் வண்ணங்களோடு புதுப்பித்தனர். செல்லரின் இசைக்குறிப்பும் எஞ்சியிருந்தமையால், அன்றைய இசையும் மீண்டும் வாசிக்கப்பெற்றுப் படத்தோடு சேர்ந்தது. ஏட்டில் எழுதிவையாதிருந்தால் அது முதல் இரவுகளோடே மறைந்திருக்கும்.

நம் கல்லூரி மாணவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். காமன் கூத்தைப் படம்பிடிப்போர் பலராயினர். தப்பின் அடிகளைக் கேட்டு எழுதிவைப்போர் எத்துணைப் பேர்? அதனை நாம் செய்யாதொழியின், பின்வருவோர்க்கு நிழல் மட்டுமே எஞ்சும்.