மூன்றாம் சாலார் ஜங்

மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் நவாப் மீர் யூசுப் அலி கான் (ஜூன் 13, 1889 - மார்ச் 2, 1949) ஐதராபாத் நிசாம் அரசின் திவானாகப் பணியாற்றியவர். கடிகாரங்கள் உள்ளிட்ட கலைப்பொருட்களைச் சேகரித்தவர். ஐதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம் இவரது சேகரிப்பிலிருந்து உருவானதாகும்.

வாழ்க்கை

இவரது பாட்டனாரும் தந்தையாரும் ஐதராபாத்தின் திவான்களாக இருந்தவர்கள். இவர் பிறந்த சில வாரங்களிலேயே தந்தை காலமானார். 1912 இல், தமது 23 ஆம் அகவையில் திவான் பொறுப்பேற்ற இவர் 1914 இல் அதிலிருந்து விலகினார். அதன்பின் நிசாம் உசுமான் அலி கான் ஆட்சிப் பொறுப்பைத் தாமே நேரடியாக மேற்கொண்டார். பதவியிழந்த நவாபின் எஞ்சிய 35 ஆண்டுகளும் பெரும் செல்வமும் சேகரிப்பிலேயே கழிந்தன. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கடிகாரங்கள்

அருங்காட்சியகப் பொருட்கள் அனைத்தும் இவர் ஒருவரே வாங்கியவை என்னும் கருத்து சரியன்று. புகழ்பெற்ற 'முக்காடிட்ட ரெபெக்கா' சிலையை இவரது பாட்டனார் 1876 இல் உரோமில் வாங்கினார். எனினும் சேகரிப்பின் பெரும்பகுதி இவருடையதே. இங்கிலாந்து, பிரான்சு, சுவிட்சர்லாந்து, செருமனி முதலிய நாடுகளின் கடிகாரங்கள் இதில் அடங்கும். ஆளுயர ஊசல் கடிகாரங்கள், பறவைக்கூண்டு கடிகாரங்கள், பற்சக்கரங்கள் வெளியே தெரியுமாறு அமைந்த கடிகாரங்கள் ஆகியன இவற்றுட் சில.

இவற்றுள் இசைக் கடிகாரமே மக்களை மிகவும் ஈர்ப்பது. கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்திடமிருந்து பெறப்பட்ட இதில் 350 இற்கும் மேற்பட்ட பாகங்கள் உள்ளன. தாடி வைத்த சிறு பொம்மை ஒன்று கதவைத் திறந்து வந்து மணியடித்துவிட்டு உள்ளே செல்லும். கொல்லன் பொம்மை ஒன்று நொடிதோறும் சம்மட்டியால் அடிக்கும். பொதுவாக மணியடிக்கும் கடிகாரங்களில் முட்களை நகர்த்தும் சக்கரத் தொடரும் மணியடிக்கும் தொடரும் தனித்தனியானவை. முன்னது உரிய நேரத்தில் பின்னதன் தடையை விடுவிக்கும்.

சேகரிப்பின் நிலை

ஐதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்டு ஆறு மாதங்கள் கூட நிறைவுறாத நிலையில் நவாப் காலமானார். நேரடி வாரிசு இல்லாததால் உறவினர்களிடையே சொத்துரிமை வழக்குகள் எழுந்தன. பொருட்கள் பங்கிடப்பட்டுச் சிதறியிருக்கக்கூடும். அப்போது ஐதராபாத் நிருவாகத்தில் இருந்த எம். கே. வெள்ளோடி இவற்றை அருங்காட்சியகமாக்க முனைந்தார். சென்னை அடையாற்றுடன் நெருங்கிய தொடர்புடைய கலை விமர்சகர் சேம்சு கசின்சு பொருட்களை ஒழுங்குபடுத்தினார். டிசம்பர் 16, 1951 அன்று நவாபின் மாளிகையான திவான் தேவ்டியில் அருங்காட்சியகத்தை நேரு திறந்து வைத்தார்.

வழக்கு அதன் பின்னரே தீர்ந்தது. 1958 இல் உயர் நீதிமன்றம் வழியாக ஏற்பட்ட சமரசத்தின்படி சேகரிப்பு இந்திய அரசுக்கு உரியதாயிற்று. 1961 இல் நாடாளுமன்றச் சட்டம் இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968 இல் மூசி ஆற்றங்கரையிலுள்ள கட்டடத்திற்கு அருங்காட்சியகம் மாற்றப்பட்டது. அங்கு இசைக் கடிகாரத்தின் முன், பன்னிரண்டு அடிகளையும் கேட்பதற்காக நண்பகலில் கூட்டம் கூடுவது வழக்கம்.